ஏர்க்கால் பிடித்தவர்

எங்கள் தாத்தா சொந்தமாகக் குதிரைவண்டி வைத்திருந்தவர் என்று அப்பா சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். பாரீஸில் இருக்கும் தம்பியின் பிள்ளைகளுக்காகக் குடும்பக் கதையை எழுத உட்கார்ந்தபோது, என் முதல் வரியே அதுதான். ஆதாரம் தேடி, உப்பளம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் அப்பாவின் இரும்புப் பெட்டியைக் குடைந்தேன். ஒரு மனுவின் நகல் கிடைத்தது. அப்பாவைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி தாத்தா யாரையோ பிடித்து எழுதி வாங்கியது. "எட்டு வருஷமாக முசியே அவர்களின் வண்டிக்கு ஏர்க்கால் பிடித்துவரும் அடியேன்" என்று ஆரம்பித்தது. முசியே என்பது தாத்தா வேலை பார்த்த பிரெஞ்சுக்கார அதிகாரி.

ஏர்க்கால் எனக்குப் புதுச் சொல். ஏர் என்றதும், நிலம் வேறு இருந்திருக்கிறதே என்று குதித்தேன். ஆசை யாரை விட்டது! அகராதியைப் பிரித்தேன். கலப்பையிலிருந்து நுகத்தடி வரை நீளும் மரத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயராம். பந்தல்கால் மாதிரி இதுவும் ஒரு கால். உழுகிறவன்தானே வண்டியும் கட்டினான். வண்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்கும் அதையே வைத்துவிட்டான். நல்ல சொல்தான் என்று மெச்சிக்கொண்டே மனுவை மறுபடி படித்தேன். தூக்கிவாரிப் போட்டது.

குதிரையை ஏர்க்காலில் பூட்டுவார்கள். ஏர்க்காலைக் கையால் பிடிக்கிறவன் மனிதன். இரண்டு ஏர்க்கால்களுக்கு நடுவே நின்று, முசியேவை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு ஓடியவர் எங்கள் தாத்தா. கை ரிக்‌ஷாக்காரர்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இழுத்ததில் என்ன கேவலம்? இத்தனை வருடம் எங்களிடம் எதற்குப் புளுகு? அப்பா பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். பேரப்பிள்ளைகள் முன்னால் அவர் மானம் போகுமே என்று ஒரு நிமிடம் தயங்கினேன். பிறகு காகிதத்தை நேராக அவர் மடியில் வைத்தேன்.

"குதிரை எங்கப்பா?"

அவர் படிக்கவில்லை. எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அந்த வண்டியிலதாம்மா நானும் பள்ளிக்கூடம் போனேன். முசியேவ எறக்கிவுட்டுட்டு வந்து என்னை ஏத்திக்குவாரு. ஒருநாள் எங்கூடப் படிக்கிற பசங்க, யாருடா இதுன்னு கேட்டாங்க. எங்க வூட்டு வண்டிக்காரன்னேன்."

"தாத்தா காதுல வுழுந்துச்சா?"

"பக்கத்துலதானே நின்னாரு. ஏர்க்காலைக் கீழ வச்சிட்டு, 'எறங்குங்க தம்பி'ன்னாரு."

"பசங்களுக்காகச் சொல்லியிருப்பாரு, விடுங்கப்பா."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். வூட்டுக்கு வந்தா, 'சாப்டீங்களா தம்பி'ன்னு கேட்டாரு. அதுக்கப்புறம் சாவற வரைக்கும் என்னை ஒருநாள்கூட வாடா போடான்னு கூப்புடலம்மா."