துமார் வைத்த தேன்

எங்கள் மலையூரான அட்பாஷியில் துமாரின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. அவ்வளவு அமைதி. பிள்ளை இல்லையென்று புருஷன் கைவிட்ட பிறகு தம்பி வீட்டோடு வந்து, கொல்லையில் தேன்பெட்டி வைத்துப் பிழைத்தாள். தேன் வாங்க எல்லோரும் வருவார்கள். தொட்டில் விருந்துக்கு மட்டும் ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள். எங்கள் ஊருக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் வெண்ணெய் வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதற்குப் பிள்ளைகுட்டியோடு நிறைந்து வாழ்பவளாகத் தேடிப் பிடிப்பார்கள். தம்பி மனைவி கனிஷாய் தன் பெண்குழந்தைக்குத் துமாரைக் கூப்பிட்டாள்.

“நானா? வேற ஆள் கிடைக்கலையா உனக்கு?”

“உங்க குணம் வரட்டும்க்கா. என் வாய் வந்தா வீடு தாங்காது.”

இப்படியொரு நாள் வரும் என்று துமார் நினைத்ததே இல்லை. வெறும் வெண்ணெய் போதாதென்று தோன்ற, இருந்ததிலேயே நல்ல வெள்ளைத் தேனைக் குழைத்து வைத்தாள். குழந்தை சப்புக்கொட்டியது.

சில வாரங்களில் குழந்தையின் அழுகை மெலிந்தது. பால் குடிக்கச் சோம்பியது. கண்ணைப் பாதிதான் திறந்தது.

“அத்தையையே உரிச்சு வச்சிருக்கு. சத்தத்தையே காணோம் பாரு!” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

துமார் பூரித்துப்போனாள். “என்னை மாதிரியே இருக்கா,” என்று தேனீக்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஒருநாள் காலையில் தூக்கியபோது குழந்தையின் தலை நிற்காமல் சரிந்தது. நாரின் நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தேன் குடுத்தீங்களா?” என்று கேட்டாள்.

“நாக்குல... துளிதான்,” என்றாள் துமார்.

“தேன்ல ஒரு கிருமி தூங்கிட்டிருக்கும்மா. காத்துப்படாத இடம் கிடைச்சா முழிச்சிக்கும். நம்ம குடல்ல நல்ல கிருமிங்க நிறைய இருக்கு, அதை அண்ட விடாது. பச்சைப்புள்ள குடல்ல தடுக்க யாருமில்ல. உள்ளயே குடியேறி விஷம் கக்குது. அதான் உடம்பு துவண்டு போச்சு.”

“நல்ல தேன்தானேம்மா? நான் எடுத்ததுதானே?”

“எவ்வளவு நல்ல தேனா இருந்தாலும் அந்தக் கிருமி இருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மூச்சுக்கு இயந்திரம் வைத்தார்கள். மருந்து தலைநகரிலிருந்து வரவேண்டும். மலைப்பாதையைப் பனி மூடியிருந்தது. மருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பச்சைக்குழந்தைக்கு ஊரில் ஒப்பாரி வைப்பதில்லை. ஆண்கள் எடுத்துப்போய்ப் புதைத்தார்கள். வீட்டில் இரண்டு பெண்களும் காலியான தொட்டிலருகே உட்கார்ந்திருந்தார்கள்.

கனிஷாய் துமாரின் கையைப் பிடித்தாள். கோபமாகச் சொல்லவில்லை.

“அவ உங்கள மாதிரி இல்லக்கா. அழத் தெம்பில்லாமதான் கிடந்திருக்கா.”

துமார் வாய்விட்டு அலறினாள். தெருக்கோடிவரை கேட்டது.