பீளமேட்டில் பால் காய்ச்சிய வீடு

"…அதுக்கில்லீங்க கண்ணு, என்ற மனசுல ஒண்ணுமே கெடையாது. நாளைக்கு ஒரம்பரை, சொந்தபந்தம்னு நாலு பேரு வந்து போற ஊடு பாருங்க. அவங்க வாய்க்கு நானில்ல பதில் சொல்லோணும்?" என்றார் வீட்டுக்கார அம்மா.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஸ்டவ் மேல் பால் பொங்கி அடங்கியிருந்தது. கிழக்குப் பக்கமாக வழிந்திருந்தது. அப்படி வழிந்தால் நல்ல சகுனம் என்று அன்றைக்கு விடியக் காலையில் அவரே சொல்லியிருந்தார்.

கண்ணு என்றுதான் சொன்னார். இத்தனை வருஷம் கழித்தும் என் நெஞ்சுக்குள் எரிகிறது அந்தக் கண்ணுதான். வெளியே போடி என்றிருந்தால் நானும் ரெண்டு கேட்டிருப்பேன்; எனக்கு வாய் உண்டு, பஸ்ஸில் கண்டக்டர்களே பயப்படுவார்கள். கண்ணு என்று கூப்பிட்டுக் கழுத்தைப் பிடிக்கிறவரை என்ன சொல்லித் திட்டுவது? எங்கள் பக்கத்துப் பேச்சில் அதற்கு வார்த்தையே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது பீளமேட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். பம்ப் செட்டு மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி இறக்குகிற வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்கப்புறம் படித்ததெல்லாம் நூலகத்திலும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் வாயிலிருந்தும்தான். யார் என்ன பேசினாலும் எனக்கு மறக்காது. சிங்காநல்லூரில் சின்னம்மா வீட்டில் இருந்தேன். ஒரே அறை. ராத்திரி ஒருவர் திரும்பிப் படுத்தால் எல்லோரும் திரும்பிப் படுக்க வேண்டும்.

அந்த வருஷம் தங்கச்சிக்குப் பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் கணக்குப் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் சனத்தில் கல்லூரிப் படியேறிய முதல் கால் அவளுடையது. ஹாஸ்டலுக்குக் கேட்ட தொகை எங்களுக்கு ஆகிற காரியமில்லை. பொள்ளாச்சிக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரிலிருந்து தினமும் வந்து போனால் பாதி நாள் பஸ்ஸிலேயே கழிந்துவிடும். சின்னம்மா வீட்டில் தெரு விளக்கடியில்தான் அவள் புத்தகத்தைத் திறக்க முடிந்தது, அங்கேயும் ஓரமாக நின்று பீடி குடிக்கிறவர்கள் "என்ன டீச்சரு, பாடம் நடக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா ஊரிலிருந்து வந்து என்னிடம் முடிவாகச் சொல்லிவிட்டுப் போனார்: "ஆடி பொறந்துட்டா யாரும் குடி போக மாட்டாங்க. ஆனிக்குள்ள ஒரு ஊடு பாரு. இல்லாட்டி அவ ஊருக்கு வரட்டும். கொப்பரைக் களத்துல ஆள் கேக்கறாங்க." அப்பா கல் மனசுக்காரர் இல்லை. தெருவிளக்கடியில் வயசுப் பெண் உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆகவே நானும் தங்கச்சியும் வேலை விட்டதும் வீடு பார்க்கக் கிளம்பினோம். கல்லூரிகள் பெருத்து, வெளியூர்ப் பையன்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். பீளமேட்டுப் பக்கம் சொந்த இடம் வைத்திருந்தவர்கள் எல்லாம் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் சிமெண்ட் ஷீட்டைப் போட்டு "ரூம்" என்றார்கள். பையன்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று வாங்கலாம். ரெண்டு பெண்கள் என்றால் யோசனை. ரெண்டு பெண்கள், கூட ஆம்பளை இல்லை என்றால் ரொம்ப யோசனை. அதற்கு மேல் ஒரு யோசனை இருந்தது. அதைத்தான் யாரும் வாய் விட்டுக் கேட்க மாட்டார்கள்.

"எந்தூருங்க?" என்பார்கள். சொல்வோம். "ஊருக்குள்ளயா, தோட்டத்துலயா?" என்பார்கள். "உங்களுக்கு எந்தக் கோயிலுங்க? மாசி நோம்பிக்கு எங்க போவீங்க?" என்பார்கள். "ஞாயித்துக்கெழமை என்ன கறி எடுப்பீங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். தங்கச்சி வெகுளியாக, "கெடைக்கறதுங்க" என்றாள். அங்கே முடிந்தது. எல்லோரும் உட்காரச் சொல்வார்கள், எல்லோரும் "ங்க" போடுவார்கள், கடைசியில் "பெயிண்ட் அடிக்கோணுங்க", "இப்பத்தானுங்க ஒருத்தரு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்பார்கள். அட்வான்ஸ் கொடுத்துப் போன அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் நாங்கள் போன வீட்டுக்கெல்லாம் எங்களுக்கு ஒரு எட்டு முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

பட்டறையில் என் பக்கத்தில் காயில் சுற்றுகிற அக்கா சிரிப்பாள். "ஏன்டி, நீ ஊடு பாக்கப் போறயா, சம்பந்தம் பேசப் போறயா? மாப்பிள்ளை ஊட்டுக்காரன்கூட இத்தனை கேக்க மாட்டான்டி!" நானும் சிரிப்பேன். கம்பியை இழுக்கிற இழுப்பில் மட்டும் கோபம் தெரியும். அந்த ஆனியில் நான் அறுத்த கம்பி கொஞ்சமில்லை, சூப்பர்வைசர், "உன்ற கைக்கு என்னாச்சு?" என்று கேட்டார்.

பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிற பெண்தான் இந்த வீட்டைச் சொன்னாள். மில்லுக்குப் பின் சந்தில், பெரிய கேட்டு வைத்த வீடு. கொல்லையில் தனியாக ஒரு அறை. போனோம்.

வீட்டுக்கார அம்மா வாசலிலேயே கேள்வியை ஆரம்பித்தார். "எந்தூருங்க அம்மணி?"

"பொள்ளாச்சிக்குத் தெக்கீங்க." ஊர்ப் பெயரையும் சொன்னேன்.

"அட, அப்பிடியா! வாய்க்காலுக்கு அக்கட்டயா, இக்கட்டயா?"

"அக்கட்டீங்க. பெரிய தோட்டத்துலீங்க."

"பெரிய தோட்டத்துப் புள்ளைகளா!" அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ற சின்னம்மாவைக் கட்டிக்குடுத்த ஊடு அதுக்கு மூணாவது தோட்டமுங்க! மொதல்லயே சொல்றதுக்கென்ன? உள்ள வாங்க, உள்ள வாங்க."

பெரிய தோட்டம் என்பது ஆயிரம் தென்னைக்கு மேல் உள்ள தோட்டம். அதன் சொந்தக்காரர் மாடி வீட்டில் இருந்தார். நாங்கள் அதன் வேலியோரம் குடிசையில் இருந்தோம். அப்பா அங்கே தண்ணி கட்டினார், அம்மா மட்டை பின்னினாள், நானும் தங்கச்சியும் அந்த மண்ணில்தான் நடை பழகினோம். ஆகையால் நான் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்தம்மா கேட்டுக்கொண்டதுதான் வேறு. என் பேச்சும் அவருக்குத் தோதாகப் போய்விட்டது. தோட்டத்து வாசலில் வளர்ந்தவளுக்குத் தோட்டத்துப் பேச்சுதானே வரும்?

"என்ன கூட்டமுங்க" என்று அவர் கேட்கவில்லை. அவர்கள் சாதிக்குள் வம்சத்தைக் கூட்டம் என்பார்கள். முதலில் கேட்பது அதைத்தான். "பெரிய தோட்டத்துக்காரங்க என்ன கூட்டம்னு எனக்குத் தெரியாதாக்கும்!" என்று தானே பதில் சொல்லிக்கொண்டார். பெரிய தோட்டத்துப் பிள்ளைகள் எதற்குக் கொல்லை அறை தேடி வருகிறார்கள் என்பதற்கும் காரணத்தை அவரே கொண்டுவந்தார். "பாகம் பிரிச்சதுல நொடிஞ்சு போயிட்டாங்களா? கெணறு வத்திப்போச்சுங்களா? எல்லாத் தோட்டத்துலயும் இதே கதைதானுங்க. வெக்கப்படாதீங்க."

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதற்காக நான் வெட்கப்படப் போவதும் இல்லை.

அப்புறம் நடந்த உபசாரத்தைச் சொல்ல வேண்டும். தங்கச்சியின் முகவாயைப் பிடித்து, "கணக்குப் படிக்கறயா சாமி, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றார். அரிசிம்பருப்புச் சோறு போட்டு, நெய்யைக் கரண்டியால் ஊற்றி, "இன்னொரு கை தின்னு, எலும்பா இருக்கற" என்று அவரே பிசைந்து அவள் வாயில் ஊட்டினார். வாடகையில் பாதியைக் குறைத்தார். "நம்ம ஊட்டுப் புள்ளைககிட்ட யாவாரம் பண்ணுவாங்களா?"

அறையைக் காட்டினார். மாட்டுக்கொட்டாயாக இருந்து, மாட்டை விற்றுவிட்டு வெள்ளையடித்த அறை. தரையில் முளைக்குச்சி பிடுங்கிய குழியைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். மழை பெய்தால் சாணி வாசம் வரும் என்று அவரே சொன்னார். தங்கச்சி ஜன்னலடியில் போய் நின்று, "இங்க மேசை போடலாம்க்கா" என்றாள். அவளிடம் மேசை கிடையாது.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை பால் காய்ச்சலாம் என்றார். விடியக் காலையில் எங்கள் வாசலில் அவரே கோலம் போட்டு வைத்திருந்தார். எங்களிடம் ஒரு ஸ்டவ், ஒரு பாத்திரம், நாலு டம்ளர். அப்பாவும் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அவரை வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகள் கல்லூரிக்குப் போகிற வீட்டில் பால் பொங்குவதைப் பார்க்க எந்த அப்பனுக்குத்தான் ஆசை இருக்காது?

முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை. ஒரு பையில் தேங்காயும் வெல்லமும். கேட்டுச் சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா, "வாங்க, வாங்க, அண்ணா வந்துட்டாரு போல" என்று சிரித்துக்கொண்டே முன்னால் போனார். நான் கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

அப்பா கேட்டுக்கு வெளியே, ரோட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முதுகு தானாக வளைந்தது. "கும்புடறனுங்க பண்ணாடிச்சி. புள்ளைக தெரியாத புள்ளைக, நீங்கதான் பாத்துக்கோணுஞ் சாமி" என்றார்.

தோட்டத்துச் சொந்தக்காரரைப் பண்ணாடி என்றும், அவர் வீட்டு அம்மாவைப் பண்ணாடிச்சி என்றும் கூப்பிடுவது கூலிக்குப் போகிறவர்கள் மட்டுந்தான். பெரிய வீட்டு வாசல் எதைக் கண்டாலும் அப்பாவின் கால் அவரைக் கேட்காமலே செருப்பை உதறிவிடும். ஆபீசரைப் பார்த்தாலும் அப்படித்தான், பேங்கிலும் அப்படித்தான்.

வீட்டுக்கார அம்மா ரோட்டில் கிடந்த செருப்பைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "நீங்க பெரிய தோட்டத்துல…"

"மூணு தலைமொறையா அந்தத் தோட்டத்துக் கஞ்சிதானுங்க சாமி" என்றார் அப்பா. பெருமையாகச் சொன்னார். அதைக் கேட்டு அந்தம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தார்.

எனக்கு அப்பா மேல்தான் முதலில் கோபம் வந்தது. ஏன்ப்பா, ஒரு நாள், ஒரே ஒரு நாள் செருப்போட நடந்து வந்தா என்ன? அந்தக் கோபம் ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. அந்த முதுகை வளைத்தது யார் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயசிலிருந்தே சாட்டைக்கும் கூலிக்கும் நடுவில் வைத்து வளைத்தவர்கள், வளைந்த முதுகைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்கள். வளைக்கவும் அவர்கள்தான், வளைந்ததற்காக வீடு இல்லை என்று சொல்லவும் அவர்கள்தான். மாடு கட்டின இடம் அது! அங்கே கட்டியிருந்த மாட்டிடம் நீ என்ன கூட்டம், எந்த வளவு, எந்தத் தெரு என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்தம்மா அப்பாவை உள்ளே வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. "செத்த இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைக்கு வந்தார். பால் அப்போதுதான் பொங்கியது. தங்கச்சி அவருக்கென்று முதல் டம்ளரில் ஊற்றிச் சர்க்கரை போட்டு நீட்டினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அப்பா வந்தபோது அவள் அறைக்குள் ஜன்னலுக்குத் துணி அளந்துகொண்டிருந்தாள். நீட்டிய டம்ளர் நீட்டியபடி இருந்தது. அப்போதுதான் அந்தம்மா என் முகத்தைப் பார்த்து, மனசில் ஒன்றும் கிடையாது என்று ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் ஆனதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் அன்றைக்கே வெளியேறினோம். ஆடி பிறந்தது. அப்பா தங்கச்சியை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச நாள் அங்கிருந்து பஸ்ஸில் வந்து போனாள், காய்ச்சல் வந்தது, வருகை குறைந்தது, பரீட்சை எழுத விடவில்லை. கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைக்கிறவர்களில் அவளைப் போலக் கணக்குத் தெரிந்தவள் கிடையாது என்று யாராவது பாராட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் தேங்காய் எண்ணப் பிறந்தவள் இல்லை. "விடுக்கா, நடந்தது நடந்துபோச்சு" என்பாள் அவள். நான் விடவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் ஒருத்தியாவது கோபமாக இருக்கிறேன்.

வீடு இல்லை என்று சொன்னதோடு அந்தம்மா நின்றிருந்தால்கூட, ஊரில் நூறு பேர் சொன்னதுதானே என்று இந்நேரம் ஆறியிருக்குமோ என்னவோ.

"பாலைக் கொட்டாதீங்க, நீங்க குடிச்சுப்போட்டு நிதானமாப் போங்க கண்ணு, அவசரமில்ல" என்றார். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தகரப் பலகையும் சாக்கட்டியும் இருந்தன. "போறதுக்குள்ள ஒரு ஒத்தாசை பண்ணிப்போட்டுப் போங்க. என்ற பையன் எழுதுனா கோழி கிண்டுன மாதிரி இருக்கும். நீ காலேஜுக்குப் போற புள்ள, உன்ற எழுத்து அழகா இருக்குமில்ல? 'ரூம் வாடகைக்கு விடப்படும்'னு பெருசா எழுதிக் குடு சாமி" என்று தங்கச்சியிடம் சொல்லி, பலகையைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார். தங்கச்சி கையை நீட்டினாள். அந்தம்மா சாக்கட்டியை அவள் கையில் கொடுக்கவில்லை. குனிந்து தரையில் வைத்துவிட்டு, ஒரு எட்டு பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.