பெயர் எழுத வேண்டாத தாள்

பியூமிக்கு மேடைப் பேச்சு என்றாலே எரிச்சல், அதிலும் வரவேற்பு நாள் பேச்சு என்றால் கேட்கவே வேண்டாம். அவளுடைய அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன்பு வேறொரு பல்கலைக்கழகத்தில் இதே பேச்சுகளைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனான். இரண்டே மாதத்தில் பெட்டியோடு சொந்த ஊரான வெல்லவாயவுக்குத் திரும்பி வந்தான். என்ன நடந்தது என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது முச்சக்கர வண்டி ஓட்டுகிறான்.

மண்டபத்தில் முந்நூறு புதுப்பிள்ளைகள். பெண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இரட்டைப் பின்னல், கணுக்கால் மறைக்கும் பாவாடை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு ஃபைல். ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. எல்லாம் சீனியர்கள் விடுதியில் போட்ட சட்டம். இவ்வளவையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பீடாதிபதி ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ராகிங், பகிடிவதை, அந்தக் கதைக்கே எங்கட வளாகத்தில இடமில்லை பிள்ளைகள்."

இந்த மனுஷனுக்குக் கோளாறு கண்ணிலா மனசிலா என்று பியூமி உள்ளுக்குள் கேட்டுக்கொண்டாள். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. முந்தாநாள் ஒரு சீனியர் அக்காவை நிமிர்ந்து பார்த்த குற்றத்துக்கு அவளை இரண்டு மணித்தியாலம் மாடிப்படியில் முழங்காலில் நிற்க வைத்தார்கள். அன்றிலிருந்து சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. அண்ணனைப் போலத் தானும் பெட்டியோடு திரும்ப வேண்டி வருமோ என்ற பயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. யார் கண்ணிலும் படாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைத்தாள்.

உபவேந்தர், "இது உங்கட இரண்டாவது வீடு" என்றார். பொலிஸ் அதிகாரி, ஆபத்தென்றால் கூப்பிடச் சொல்லி ஒரு தொலைபேசி எண்ணை இரண்டு தரம் வாசித்தார். விடுதிக்கு வந்த அன்றே சீனியர்கள் எல்லோருடைய ஃபோனையும் வாங்கி வைத்துக்கொண்ட சங்கதியை அவரிடம் யார் போய்ச் சொல்வது?

கடைசியாக மாணவர் ஆலோசகர் மிஸ் வந்தார். "எல்லாருக்கும் ஒரு தாள் வரும். ஏதும் நடந்திருந்தா பயப்படாம எழுதுங்க. பேர் வேணாம். மடிச்சுக் குடுத்தாச் சரி."

தாள் கொடுக்க வந்தவர்கள் நெஞ்சில் 'வரவேற்புக் குழு' என்று அட்டை குத்தியிருந்த இரண்டாம் வருஷக்காரர்கள். பியூமியின் வரிசைக்கு வந்தவள் ரொஷாரா அக்கா, மாடிப்படியில் நிற்க வைத்த அதே ஆள். வேறொரு நாளென்றால் பியூமி சிரித்திருப்பாள். இப்போது தலையைக் குனிந்தபடியே தாளை வாங்கினாள்.

பக்கத்தில் அறைத்தோழி சுபுனி. மாத்தளைக்காரி, வாய் திறப்பதே அபூர்வம். அவள் பேனாவை எடுத்து விறுவிறுவென்று எழுத ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடி செய்றே?"

"எழுதச் சொன்னாங்கதானே."

"உனக்கென்ன விசரா? எடுக்க வாறது யாரெண்டு பாரு."

"பேர் போடல்லையே."

"கையெழுத்து இருக்குதானே. இந்த வரிசையில மொத்தமே எட்டுப் பேர்."

சுபுனி எழுதிக்கொண்டே சொன்னாள்: "வாசிக்கப் போறது மிஸ்."

"என்ட அண்ணாவும் இப்படிப் பேச்சுகளை நம்பித்தான் போனார்."

நாலு வரிசைக்கு முன்னால் ரொஷாரா தாள்களை வாங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் விரித்து, ஒரு பார்வை பார்த்து, அடுக்கில் சேர்த்தாள். ஒருத்தி எழுதினால் எட்டுப் பேருக்கும் தண்டனை என்பது பியூமிக்குத் தெரியும். மூன்று வரிசை. இரண்டு. பியூமி சட்டென்று சுபுனியின் தாளைப் பறித்துப் பாவாடைப் பைக்குள் திணித்தாள். ஃபைலிலிருந்து ஒரு வெற்றுத்தாளை உருவி மடித்து அவள் மடியில் போட்டாள்.

ரொஷாரா இருவரின் தாளையும் விரித்துப் பார்த்தாள், இரண்டிலும் ஒன்றுமில்லை. "நல்ல பிள்ளைகள். கெதியாப் பழகிட்டீங்க."

சற்று நேரத்தில் மேடையில் மிஸ் தாள் கட்டைப் புரட்டிவிட்டு முகம் மலர்ந்தார். "ஒண்டிலகூட ஒரு எழுத்தில்லை. இதுதான் எங்கட பல்கலைக்கழகம்."

மண்டபம் கைதட்டியது. பியூமியும் தட்டினாள். சுபுனியின் கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன.

"என்ட தாளைத் தா" என்றாள்.

பியூமி கொடுக்கவில்லை. தேநீர் இடைவேளையில் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கிழித்துத் தண்ணீரில் விட்டால் தொல்லை தீர்ந்தது. கிழிக்குமுன் தாளை விரித்தாள்.

'என் அறையில் ஒரு பிள்ளை இருக்கிறாள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. நித்திரையில் அண்ணனைக் கூப்பிட்டு அழுகிறாள். வெளியே சொல்ல அவளுக்குப் பயம். அதனால் நான் சொல்கிறேன். யாராவது வந்து அவளைப் பாருங்கள்.'

அவள் இரண்டாவது தரமும் வாசித்தாள். மூன்றாவது தரம் எழுத்துத் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

கதவில் தட்டும் சத்தம் கேட்டது. "உள்ள யாரு, பியூமியா?" ரொஷாராவின் குரல். "வெளிய வா. உன்னைத்தான் தேடுறம்."

"வாறன் அக்கா" என்றாள் பியூமி. சத்தம் வெளியே கேட்காதபடி மெல்ல மெல்ல அந்தத் தாளைக் கிழிக்கத் தொடங்கினாள்.