ஒரே பிளவுஸ், நான்கு முதுகுகள்

மணப்பெண் ஜடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, கேமராவுக்கு முதுகு காட்டி நின்றாள். அவள் போட்டிருந்தது எங்கள் கடை பிளவுஸ். கழுத்திலிருந்து இடுப்பு வரை ஐந்து வரிசையாக வெள்ளி மணிகள் இறங்கும். அந்த டிசைனுக்கு ஐந்தருவி என்று பெயர் வைத்திருந்தோம். உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு என்று சொல்லி நான் விற்றது.

அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் தங்கை வந்து திரும்பி நின்றாள். அவள் முதுகிலும் ஐந்து வரிசை. அடுத்து மூத்த மருமகள். அடுத்து இரண்டாவது மருமகள். எண்ணினேன். நான்கு.

என் பக்கத்து நாற்காலியில் கடை உரிமையாளர் நிவேதிதா இருந்தார். இந்த ஒரு படத்துக்காகச் சென்னையிலிருந்து போட்டோகிராபரோடு காலையில்தான் வந்து இறங்கியிருந்தார். அவர் மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

பதினாறு வருடம் பத்திரிகையில் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தவள் நான். அதன் பிறகுதான் தென்காசியில் அந்த பொட்டிக், அதாவது விலை உயர்ந்த டிசைனர் துணிக்கடைக்கு மேனேஜராகப் போனேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. சோபா

தென்காசி தனி மாவட்டமான பிறகு குற்றாலம் சாலையில் புதுக் கடைகள் வரிசையாக வந்தன. திருநெல்வேலி ஜவுளிக்காரர்கள் மாடி மாடியாகக் கட்டினார்கள். நிவேதிதா அதைப் பார்த்துப் பயப்படவில்லை. “அவங்க ஆயிரம் விப்பாங்க, நாம ஒண்ணு விப்போம். போட்டியே கிடையாது” என்றார். சீசனுக்கு வரும் வெளியூர்க் கூட்டம், கல்யாணத்துக்குச் செலவு செய்யும் தோப்புக்காரக் குடும்பங்கள், இரண்டும் சேர்ந்தால் கடை ஓடிவிடும் என்பது அவர் கணக்கு.

ஆனி மாதம், சாரல் விழும் நாளில் திறந்தோம். முதலில் உள்ளே வந்தது அருவியில் குளித்துவிட்டு வந்த ஒரு குடும்பம். தலையில் எண்ணெய் போகவில்லை. கையில் ஈரத்துண்டு. குடும்பத் தலைவர் எங்கள் தந்த நிற சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த அம்மா நைட்டி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், மாட்டியிருந்த லெஹங்காவின் விலைச்சீட்டைத் திருப்பிப் படித்தார். கேலியாக ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் தனியாக அழைத்து, மெதுவான குரலில் சொன்னார்.

“சீட்டுல ஒரு சைபர் கூட விழுந்துட்டு போல. யாரும் பாக்கதுக்குள்ள மாத்திருங்க.”

சோபாவில் எண்ணெய்க் கறை தலை வடிவத்தில் நின்றுவிட்டது. எத்தனை முறை துடைத்தும் போகவில்லை. அதன் மேல் ஒரு ஷாலைப் போட்டு மூடினோம். சீசன் முடியும்வரை நாங்கள் விற்றது இரண்டு துப்பட்டா.

நிவேதிதா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். தை வரைக்கும் பார்ப்பார். அதற்குள் இந்த ஊரில் ஒரு பெரிய கல்யாணம் பிடிக்க வேண்டும். அந்தப் படம் கேட்லாக்கில் வந்தால் கடை நிற்கும், இல்லாவிட்டால் மூடிவிடுவார். என்னோடு மூன்று பெண்கள் வேலை பார்த்தார்கள். மூவரிடமும் சொன்னேன். மறைக்கவில்லை.

2. வேன்

அப்பாயின்ட்மென்ட் வாங்கி வர வேண்டும், ஒரு கஸ்டமருடன் நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது கடை விதி. கார்த்திகையில் வடகரையிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. பதினேழு பேர் இறங்கினார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா பேச்சியம்மாள்தான் முன்னால் வந்தார். தென்னந்தோப்பு வீடு. மூத்த மகன் ராணுவம், அடுத்தவர் போலீஸ், மூன்றாவது மகனுக்குத்தான் கல்யாணம். மணப்பெண் கார்த்திகாவும் கூட வந்திருந்தாள். ஐந்தருவி மாதிரியைத் துணியில் விரித்துக் காட்டியதும் அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. இரண்டு மருமகள்களும் மாப்பிள்ளையின் தங்கையும் மணிகளைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

“நல்லாருக்கு தாயி. இதே மாதிரி நாலு தைங்க” என்றார் பேச்சியம்மாள்.

எங்களுக்குப் பழக்கிக் கொடுத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஒரு டிசைனில் ஒன்றுதான் தைப்போம், ஊரில் வேறு யாரும் இதை உடுத்த முடியாது, அதுதான் எங்கள் சிறப்பு.

அவர் முகம் மாறியது. நான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்டது போல என்னைப் பார்த்தார்.

“அப்பம் இவ ஒருத்தி உடுத்திட்டு நிப்பா. மத்த மூணு பேரும் இவ முதுகப் பாத்துட்டு நிக்கணுமாக்கும்?”

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது மருமகள் விடவில்லை. “எங்களுக்கு இந்த ஜன்னல் தெரையில தச்சுத் தாங்க அக்கா, போதும்” என்றாள்.

நானும் இந்தச் சீமையில் பிறந்தவள்தான். புது மருமகளுக்கு ஒரு தரமும் பழைய மருமகள்களுக்கு வேறு தரமும் எடுத்தால், அந்தப் பேச்சு அவள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும் வரை ஓயாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதே வாக்கியத்தை இரண்டாம் முறை சொன்னேன். பேச்சியம்மாள் கார்த்திகாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றே தைக்கச் சொல்லிவிட்டார்.

அவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று நிவேதிதாவுக்குச் செய்தி அனுப்பினேன். பத்திரிகையில் இருந்தபோது, பிடிவாதக்காரர் ஒருவர் சட்டென்று இறங்கி வந்தால் ஏன் என்று விசாரிக்காமல் பக்கத்தை அச்சுக்கு அனுப்ப மாட்டேன். அன்று விசாரிக்கவில்லை.

3. சாஸ்தா

கல்யாணத்துக்கு இரண்டு நாளைக்கு முன்னால்தான் துணியைக் கையில் கொடுக்க வேண்டும். இதுவும் நிவேதிதாவின் விதி. பேச்சியம்மாள் பன்னிரண்டு நாளைக்கு முன்னாலேயே வந்தார். கல்யாணத் துணியைச் சாஸ்தா கோயிலில் வைத்துக் கும்பிடுவது அவர்கள் வீட்டு வழக்கமாம். கடைசி இரண்டு நாளில் கோயிலுக்கு எங்கே போவது என்று கேட்டார். கேள்வி நியாயமாக இருந்தது. கொடுத்துவிட்டேன். நிவேதிதாவிடம் சொல்லவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. கல்யாணத்தன்று பார்த்தேன். பிளவுஸின் உள் ஓரத்தில் மஞ்சள் தடவிய அடையாளம் இருந்தது.

4. மண்டபம்

தை மாதம், இலஞ்சிப் பக்கம் ஒரு மண்டபத்தில் சாயங்கால வரவேற்பு. நான்கு முதுகுகளையும் நாங்கள் பார்த்து முடிப்பதற்குள் பேச்சியம்மாள் எங்களிடம் வந்து நிவேதிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

“பாத்தியளா, ஒங்க துணி எங்க வீட்டுல எல்லாருக்கும் பொருந்திப் போச்சு.”

அவர் எதையும் திருடியதாக நினைக்கவில்லை. எங்களைக் கௌரவப்படுத்தியதாக நினைத்தார். எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. நிவேதிதா குரலை உயர்த்தாமல் என்னிடம் கேட்டார்.

“எப்போ குடுத்தீங்க?”

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் என்றேன். அவர் தலையசைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அந்த நாட்களுக்குள் அதைப் பார்த்து மற்ற மூன்றையும் தைத்தது யார் என்று கேட்டார். பந்தியிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். ஆய்க்குடி முப்புடாதி. நாற்பது வயதிருக்கும். வீட்டிலேயே ஆரி வேலை, கொக்கி ஊசியால் துணியில் மணி கோக்கும் வேலை, செய்கிறவர். சாப்பிட்ட கையைக் கழுவிய ஈரத்தோடு வந்து நின்றார்.

நிவேதிதா மூத்த மருமகளை மணப்பெண் அறைக்குக் கூட்டிப் போய், பிளவுஸின் ஓரத்தை மடித்து உள்பக்கத்தைப் பார்த்தார். பிறகு கார்த்திகாவுடையதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்களுடையதில் நூல் ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்குத் தாவியிருந்தது, முடிச்சுகள் தெரிந்தன. முப்புடாதியுடையதில் ஒவ்வொரு வரிசையும் தனியாக முடிந்திருந்தது. உள்பக்கத்தையே வெளியே போட்டுக்கொள்ளலாம்.

“எத்தனை நாள்ல தச்சீங்க?”

“மூணும் சேந்து ஒம்பது நாளு மேடம். எந் தங்கச்சியும் கூட இருந்தா. ஒங்கதுல மூணாவது வரி தொய்யுது. மணி கனத்தத் துணி தாங்கல. நான் அடியில காடாத்துணி குடுத்துட்டேன். ஒங்களப் பாத்தா சொல்லணும்னு இருந்தேன்.”

இவ்வளவையும் உதவி செய்யும் குரலில்தான் சொன்னார். நிவேதிதா அந்தத் தையலை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். பிறகு, சென்னையில் இருக்கும் தன் தையல் யூனிட்டுக்கு வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டார்.

“அங்கன வந்தா ஒண்ணு ஒண்ணாத்தான தைக்கச் சொல்லுவிய?” என்றார் முப்புடாதி. “இங்கன ஒரு வீட்டுக்கு நாலு அஞ்சுன்னு வருது.”

போட்டோகிராபர் கதவருகே வந்து, மணப்பெண்ணைத் தனியாக நிறுத்தி எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நிவேதிதா சொல்லிவிட்டார். கடையின் முடிவு அந்த ஒரு சொல்லில் எழுதியாயிற்று. எனக்கும் புரிந்தது.

5. வழி

மூன்றாம் நாள் திருவேங்கடத்திலிருந்து ஒரு வேன் வந்தது. இந்த முறை பதினோரு பேர். வடகரைக் கல்யாணத்தில் போட்டிருந்த பிளவுஸ் வேண்டும், ஐந்து வேண்டும் என்றார்கள். கடை திறந்ததிலிருந்து எங்கள் டிசைனையே கேட்டுத் தேடி வந்த முதல் கூட்டம் அது. நிவேதிதாவுக்குப் போன் செய்தேன்.

“அஞ்சா?” என்றார். “நாம ஒரு டிசைனை ரெண்டாவது தடவை தைக்கறதில்லை.”

அது வீம்பு இல்லை. அந்த வாக்கை நம்பித்தான் சென்னையில் அவரிடம் வாங்குகிறார்கள். அங்கே அது சரி. இங்கே பதினோரு பேரை வாசலோடு திருப்பி அனுப்பியது. பங்குனியில் கடையை மூடினோம். மூன்று பெண்களில் இருவருக்கு ஜவுளிக்கடைகளில் இடம் கிடைத்தது. என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்குவதற்குக் கடை இல்லாமல் போயிற்று.

புது ஊரில் உயர்ந்த விலைக்கடை ஓடுமா என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். ஓடும். வடகரை வீட்டார் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாங்க வருகிறவருக்கு என்ன பிடிக்கும் என்று எல்லாரும் விசாரிக்கிறார்கள். வீட்டில் யார் யார் மனம் வருந்தாதபடி அவர் வாங்கிப் போக வேண்டும் என்று யாரும் விசாரிப்பதில்லை. நான் விசாரித்திருக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான்.

அன்று திருவேங்கடத்துக்காரர்கள் கோபப்படவில்லை. தைத்த அம்மா ஆய்க்குடியாமே, எப்படிப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். வாசல் வரை வந்து வழி சொன்னேன். வேன் கிளம்பிய பிறகு ஒன்று விட்டுப்போனது நினைவுக்கு வந்து, கை தட்டி நிறுத்தினேன். முருகன் கோவில் பக்கம் இறங்கி, ஆரி வேலை முப்புடாதி என்று கேளுங்கள் என்றேன். விலாசத்தை அரைகுறையாக விட எனக்கு வராது.