கோடரி பிடித்த சூசையப்பர்

பாலாவிச் சந்தியில், சீமெந்து லொறிகளுக்குப் பின்னால் பஸ் நின்றபோதுதான் போனில் அந்த மெசேஜ் வந்தது. ‘அது பதக்கம் இல்லை, காசு. ஹங்கேரித் தங்கக் காசு. யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்!’

அனுப்பியவர் கொழும்பில் பழங்காசு சேர்க்கும் நண்பர். என் பக்கத்து சீட்டில் மச்சாள் பிலோமினா – அதே பதக்கத்தை லேஞ்சித் துணியில் முடிந்து வைத்துக்கொண்டு. எங்கே போகிறோம்? மாதா கோயில் உண்டியலில் அதைப் போடத்தான்...

போன கிழமை மச்சாளின் மகன் ரொஷான் போன படகு கரைக்குத் திரும்பவில்லை. எஞ்சின் பழுது. மச்சாள் சாப்பிடவில்லை, அழவுமில்லை. கழுத்தில் கிடந்த பதக்கத்தை இறுக்கிப் பிடித்தபடி, “பிள்ள உயிரோட வந்தா இத மாதாவுக்கே குடுத்திடுறன்” என்று நேர்ந்துகொண்டார்.

மச்சாளின் மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டில் இருக்கும் சாமான் அது. ஒரு பக்கம் குழந்தையோடு மாதா. மறுபக்கம் கிரீடம் வைத்து, கோடரியோடு ஒருவர். கோடரி என்றால் தச்சர், தச்சர் என்றால் மாதாவின் கணவர் சூசையப்பர் – யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. தச்சருக்கு எதற்குக் கிரீடம்? நானும்தான் கேட்கவில்லை. சுற்றியிருந்த எழுத்து விளங்காமல் போட்டோ எடுத்து நண்பருக்கு அனுப்பியிருந்தேன், அவ்வளவே.

அடுத்த நாள் வேறொரு படகு ரொஷானின் படகைக் கட்டி இழுத்து வந்து சேர்த்தது. அப்பாடா! ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி, இன்றுதான் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். முன் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

நண்பர் விடவில்லை. மெசேஜ் மேல் மெசேஜ். கோடரிக்காரர் லாஸ்லோ என்ற ஹங்கேரி அரசராம், பிறகு புனிதராக்கப்பட்டவராம். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் தங்கத்தில் பெரும்பங்கு அந்த நாட்டுச் சுரங்கங்களிலிருந்துதான் வந்ததாம். சுத்தத் தங்கம் என்பதால் வியாபாரிகள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்களாம். எழுத்தைப் பார்த்தால் ஐநூறு வருடத்துக்கு மேல் பழையதாம். எங்கள் கற்பிட்டிக்கு எப்படி வந்தது? ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், காலத்தில் யாராவது கொண்டுவந்திருக்கலாம்... யார் கண்டது?

சொல்வதா, விடுவதா? மறைத்தால் பாவம், சொன்னால் நேர்த்திக்கடன் குழம்பும். சொல்லிவிட்டேன்.

மச்சாள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார்.

“அப்ப இது சூசையப்பர் இல்லையா?”

“இல்ல மச்சாள். ஒரு ராசா.”

“மற்றப் பக்கம்?”

“அது மாதாதான்.”

“நான் மாதாவுக்குத்தானே நேர்ந்தன்.” மறுபடி முடிச்சுப் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “வித்தா எவ்வளவு வரும் எண்டு மட்டும் சொல்லிராதீங்க மச்சாள்.”

தொகை என் போனில் இருந்தது. போனை ஓஃப் செய்து ஹேண்ட்பேக்கில் போட்டேன். விலை தெரிந்துவிட்டால் நேர்ந்த கையும் கொஞ்சம் பின்வாங்கும். நமக்கெல்லாம் அப்படித்தானே?

கோயிலில் ரொஷானின் கையாலேயே போடவைத்தார். சாதாரணச் சில்லறை விழுகிற சத்தம்தான். அத்தனை நாளும் அழாத மச்சாள் அப்போதுதான் மகனைக் கட்டிப்பிடித்து அழுதார்.

போனை மறுபடி போட்டதும் நண்பர் அழைக்கிறார். காசு இப்போது யாரிடம் என்று கேட்கிறார்.

அதில் யாருடைய படம் இருக்கிறதோ, அந்த மாதாவிடம்தான்.