ஆவணி பிறக்கும் முன்

பின்வீட்டு அக்கா சாவியை என் கையில் கொடுக்கவில்லை. வாசற்படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "வீட்டுக்காரம்மா, சாமான் உள்ள இருக்கு. பெறகு வந்து எடுத்துக்கிறேன்" என்றாள். அதுநாள்வரை என்னைத் தாயி என்றே கூப்பிட்டுவந்தவள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஐந்து வயது மகளை இடுப்பில் வைத்து, சாக்கை மடித்துக் கொங்காணியாக இருவர் தலைக்கும் சேர்த்துப் போட்டிருந்தாள். சாக்குக்குள்ளிருந்து குழந்தை இருமுவது கேட்டது. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. நான்கு வீடுகளுக்குச் சொந்தக்காரியாகி ஏழு மாதம் ஆகியிருந்தது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. மலைக்கு ஏலக்காய் ஏற்றப் போன என் கணவர் காய்ச்சலோடு போடிக்குத் திரும்பி, ஒன்பதாம் நாள் இறந்துபோனார். கார்த்திகை மாதம். தை பிறந்ததும் பெரியவர்கள் கூடிப் பாகம் பிரித்தார்கள். கடையும் தோட்டத்துப் பங்கும் கணவரின் அண்ணனுக்கு. ஒரே வாசலுக்குள் வரிசையாக நான்கு வீடுகள் இருந்த வளவு எனக்கும் என் மகளுக்கும். முன்வீட்டில் நாங்கள் இருந்துகொண்டு மற்ற மூன்றின் வாடகையில் பிழைத்துக்கொள்ள வேண்டும். அதிலும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஒரு வருடம் நான் வரி கட்டி, ஒழுகல் பார்த்து, வாடகை வாங்கிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வளவைக் கணவரின் அண்ணன் எடுத்துக்கொண்டு எனக்குச் சோறு போடுவார்.

சோறு போடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டு அடுப்படியில் ஏற்கெனவே ஒரு விதவை இருந்தாள், அவருடைய சித்தி. விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் பொங்கிப் போட்டுவிட்டுக் கடைசியில் மிஞ்சியதைத் தின்பவள். பண்டிகைக்கு ஒரு சேலை கிடைத்தால் அதற்கு நாலு பேர் முன்னால் கும்பிட வேண்டும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த இடம் எனக்கு என்று தோன்றும்.

பின்வீட்டு அக்கா ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலை பார்த்தாள். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து பச்சைக் காயை வேறு, வெடித்த காயை வேறு என்று பிரிக்கும் வேலை. அவள் கணவர் குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், காயை உலர்த்தும் ஸ்டோரில் தீப்போடுகிறவர். என் கணவர் இறந்தபோது பதினாறு நாளும் எனக்குத் தண்ணீர் சுமந்தவள் அவள்தான். நான் வாய் திறந்து கேட்டதில்லை. காலையில் எழுந்தால் குடம் நிறைந்திருக்கும். என் மகளும் அவள் மகளும் ஒரே வயது. இரண்டும் எந்த வீட்டில் சாப்பிடுகின்றன, எந்த வீட்டில் தூங்குகின்றன என்று கணக்கில்லை.

சித்திரைக்கு மேல் மலையில் காய் இல்லை. கிட்டங்கியில் வேலை நின்றது. வைகாசி வாடகை வரவில்லை. கேட்டதற்கு, "ஆவணி பொறக்கட்டும் தாயி. புதுக்காய் எறங்கிட்டா மொதலாளி மொத்தக் கூலியையும் கொடுத்துருவாரு. வருசாவருசம் இப்படித்தான், ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்" என்றாள். அது உண்மைதான். என் கணவர் அப்படித்தான் வாங்கியிருக்கிறார். ஆனால் அவருக்கு ஏலக்காய் வரும்படி இருந்தது, பொறுக்க முடிந்தது. எனக்கு மூன்று வாடகையைத் தவிர வேறு வழியில்லை.

ஆனி மாதமும் வரவில்லை. நடுவீட்டில் குடியிருந்த டீக்கடைக்காரர் அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆடி முதல் தேதி நான் கேட்கப் போனபோது, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே, "பின்வீட்டுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? அவுக என்னைக்குக் கொடுக்குறாகளோ அன்னைக்கு நானும் தர்றேன்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் என்னை மிரள வைத்தது. மூன்றாவது குடித்தனத்தின் வாடகை மட்டும் எங்கள் சோற்றுக்கே போதாது. அந்த வாரமே வரிச்சீட்டு வந்தது. அது வந்த செய்தி எனக்கு முன்பே கணவரின் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது.

அவர் வாசலோடு நின்றுதான் பேசினார். "இந்தா பாரு ஆத்தா, கோர்ட்டுக்குப் போனா உன் ஆயுசு போயிரும். ஒழுகுதுன்னு சொல்லி ஓட்டைப் பிரிச்சு விடு. யாரையும் வையவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். தானா எறங்கிப் போயிருவாக." கிளம்பத் திரும்பியவர், "உனக்கு மனசு வரலைன்னா சொல்லு, நான் பாத்துக்கிறேன்" என்றார். அந்தக் கடைசிச் சொல்தான் என்னை முடிவெடுக்க வைத்தது. அவர் பார்த்துக்கொண்டால் வளவு அவருடையது.

அக்கா அன்று ராசிங்காபுரம் பக்கம் களையெடுக்கப் போயிருந்தாள். ஓடு மேய்கிறவரை நானே கூப்பிட்டு அனுப்பினேன். ஏணியில் ஏறியவர் ஓட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்றார். "பிரிங்க" என்றேன். அடுப்படிக்கு மேலே மட்டும் விட்டுவிட்டு, படுக்கும் கூடத்தின் மேலிருந்த ஓடுகளைப் பிரித்துச் சுவரோரம் அடுக்கினார். இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு ஓடாக இறங்குவதை எண்ணி விளையாடிக்கொண்டிருந்தன.

பொழுது சாயும்போது அக்கா வந்தாள். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். கைமரங்களுக்கு நடுவே வானம் தெரிந்தது.

"ஒழுகலா தாயி?"

"ஆமாக்கா. ஓடு மாத்தணும்."

"எப்ப மாத்துவீக?"

நான் பிரித்த ஓடுகளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்து, விழுந்துகிடந்த தூசியைக் கூட்ட ஆரம்பித்தாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

முதல் இரண்டு நாள் வெயில். மூன்றாம் நாள் மலையிலிருந்து காற்றோடு சாரல் இறங்கியது. பெரிய மழை இல்லை. ஆனால் நாள் முழுக்க விடாமல் பெய்தது. தாயும் மகளும் அடுப்படியில் ஒண்டிக்கொண்டார்கள். குழந்தை இருமத் தொடங்கியது. என் மகள் வந்து, "அவ நம்ம வீட்ல படுக்கட்டும்மா" என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டதற்கு அடித்தேன். அந்தப் பிள்ளையை உள்ளே சேர்த்தால் ஓட்டைப் பிரித்ததற்கே பொருள் இல்லாமல் போகும் என்று நான் தெளிவாகத்தான் யோசித்தேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமில்லை.

ஐந்தாம் நாள் காலையில்தான் சாவியை வைத்தாள். மலைக்குப் போவதாகச் சொன்னாள். குரங்கணி வரை ஏதாவது லாரியில் தொற்றிக்கொண்டு, அதற்கு மேல் சாமான் ஏற்றும் கழுதைகளின் பின்னால் நடக்க வேண்டும். நல்ல வெயிலிலேயே பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும் ஏற்றம். ஆடியில் வழியெல்லாம் அட்டையும் வழுக்கலும். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். தெருமுனை திரும்பும்வரை எனக்கு நேரம் இருந்தது. நான் குனிந்து சாவியை எடுத்தேன்.

மறுநாளே டீக்கடைக்காரர் வாடகையைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வாரமே ஓட்டை மறுபடி மேய வைத்தேன். ஒரு ஓடுகூடப் புதிதாக வாங்க வேண்டியிருக்கவில்லை.

ஆவணி பிறந்து பத்து நாள் இருக்கும். அக்காவின் கணவர் தனியாக வந்து வாசலில் நின்றார். தலையை மொட்டையடித்திருந்தார். இடுப்பிலிருந்து சுருட்டிய நோட்டுகளை எடுத்து வாசற்படியில் வைத்தார். "மூணு மாசத்துது. தாமசமாயிருச்சு, கோவிச்சுக்கிறாதீக" என்றார்.

"அக்கா எங்கே?"

"மேலதான் இருக்கா. பிள்ளைக்குப் பனி வந்துருச்சும்மா." மலைமேல் காய்ச்சலை மலையாளத்து வழக்கில் பனி என்பார்கள். அது எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "வரும்போதே நெஞ்சு கட்டியிருந்துச்சு. மருந்துக்காரரு கீழ எறங்கியிருந்தாரு. நாலாம் நாள் போயிருச்சு. அங்கனயே, ஏலச்செடிக்கு நடுவுல குழி வெட்டி வச்சுட்டோம்."

அவர் என்னைத் தேற்றுவதுபோலப் பேசினார். "நீங்க என்ன செய்வீக. ஓடு மாத்துறாக, அதான் ரெண்டு வாரம் இங்க இருக்கலாம்னு வந்தேன்னு சொன்னா. விதி." பிறகு சாமான்களைக் கேட்டார். நான் விறகுக் கொட்டடியில் பத்திரமாக வைத்திருந்தேன். அம்மி, இரண்டு பானை, ஒரு டிரங்குப் பெட்டி. "ஒண்ணு குறையாம வச்சிருக்கீக" என்று சொல்லிக் கும்பிட்டார். அவர் போனபிறகு அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டேன். அதைச் சேர்த்துத்தான் வரி கட்டினேன். வருடம் முடிந்தபோது பெரியவர்கள் வளவு எனக்கே என்று சொல்லிவிட்டார்கள். புருஷன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கெட்டிக்காரி என்றார்கள்.

அந்த மாசியில் மகளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு மலை ஏறினேன். அக்காவின் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். எஸ்டேட்டுக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் அக்கா இருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். அவர் எனக்கு உட்காரச் சாக்கு விரித்து, பால் இல்லாத கட்டன் காப்பி போட்டுக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "எங்க போடி வீட்டுக்காரம்மா. நல்லவுக" என்று சொன்னார். நான் எதற்கு வந்தேன் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. விறகு எடுக்க வேண்டும் என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் போனாள்.

"அவர்கிட்டச் சொல்லிறாதீக" என்றாள்.

"எப்படிக்கா சொல்லாம இருக்கிறது?"

"உங்களைக் காப்பாத்துறதுக்காகச் சொல்லலை. சொன்னா உங்களைக் கேக்க மாட்டாரு. ஓட்டைத்தானே பிரிச்சாக, கோயில் மண்டபத்துல கெடந்திருக்கலாம்ல, மழைக்குள்ள பிள்ளையை ஏன் தூக்கியாந்தேன்னு என்னையத்தான் கேப்பாரு. நானே தெனமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவரும் கேட்டா நான் இருக்க மாட்டேன்."

அழவில்லை. சுள்ளியை எடுத்து முறித்துக் கட்டிக்கொண்டே சொன்னாள். நான் சரி என்றேன். மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்டால் அதையும் அவள்தான் சுமக்க வேண்டியிருக்கும். திரும்பி வந்து, ஆறிப்போன காப்பியை அவர் கண்முன் முழுக்கக் குடித்தேன்.

அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு இருவரும் அடுத்தடுத்துக் காலமானதாக ஏலக்காய் லோடு கொண்டுவருகிறவர்கள் சொன்னார்கள். வளவை இடித்து மாடிவீடுகள் கட்டியாயிற்று. கான்கிரீட் கூரை, பிரிப்பதற்கு ஒன்றுமில்லை. வாடகை இப்போது மகளின் பாங்குக் கணக்குக்கே போய்விடுகிறது. சில மாதம் தாமதமாகும்போது அவள், "நீ ரொம்ப எளகின மனசும்மா, கேக்கவே மாட்டேங்குற" என்று என்னைக் கடிந்துகொள்கிறாள். சின்ன வயதில் கூட விளையாடிய பிள்ளை மலைக்காய்ச்சலில் இறந்துபோனாள் என்றுதான் அவள் இன்னும் நம்புகிறாள். அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்.