நாலு சொடுக்குத் தூரம்

அந்தக் கமராவின் தோல் உறையைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது பூஞ்சண நாற்றம். அதன் பிறகு, லென்ஸின் வளையத்தை விரலால் திருப்பத் திருப்ப, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு 'சொடுக்கு'ச் சத்தம் கேட்கும். பதினாறு, பதினொன்று, எட்டு என்று இறங்கி இரண்டில் போய் முட்டி நிற்கும். எட்டின் மேல் அப்பா சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்திருந்தார். வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் 'பெரிய கிளாக்கர்', தலைமைக் கணக்கர். தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை அவரிடம் விட்டுப்போன கமரா அது. அதற்கு லென்ஸ் ஒன்றுதான், ஐம்பது மில்லிமீட்டர். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுக்கவும் அதற்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பதைத் தள்ளி வைக்கவும் தெரியாது.

அதே ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் இன்று பிளாஸ்டிக் உடம்போடு, சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கிறது. ஹட்டனில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் பிள்ளை அதை வாங்கிக்கொண்டு வந்து, இதை வைத்து நன்றாகப் படம் எடுப்பது எப்படி என்று எழுதித் தரச் சொன்னாள். அவள் எடுத்த படங்களைக் காட்டினாள். முன்னால் ஒரு முகம், பின்னால் எல்லாம் பஞ்சு. அதைத்தான் எல்லோரும் அழகென்று மெச்சுகிறார்களாம். எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்கு எழுதத் தொடங்கியதுதான் இப்படி ஆகிவிட்டது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த லென்ஸுக்குக் கால்கள் உங்களுடையவை. பெரிதாகத் தெரிய வேண்டுமானால் நீங்கள்தான் நடந்து கிட்டப் போக வேண்டும். எண் சிறியதாக ஆக லென்ஸின் கண் அகலத் திறக்கும், வெளிச்சம் நிறைய வரும், ஆனால் கூர்மை ஒரு மெல்லிய தகட்டளவுக்குத்தான் நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை கரைந்துபோகும். ஒருவரை மட்டும் எடுக்கும்போது திறக்கலாம். கூட்டமாக இருந்தால் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, எண்ணை எட்டுக்குக் கொண்டு வர வேண்டும். மலைநாட்டு மப்பில் எட்டுக்கு வெளிச்சம் போதாது, கை ஆடிவிடும். அதற்குக் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் கமராவை வைத்துக்கொள்ளலாம். அப்பா அப்படித்தான் செய்வார். "கூட்டத்த எட்டுல எடு. அப்பத்தான் யாரும் விட்டுப்போக மாட்டாங்க" என்பார்.

இதெல்லாம் பதினேழு வயதில் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இல்லை.

தங்கராசு எங்கள் தோட்டத்து மேல் லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், இருந்தவன். அவனும் நானும் டவுன் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. நான் பஸ்ஸில் போவேன், அவன் நடந்து வருவான். வந்து என்னைவிடக் கூடுதலாகப் புள்ளி வாங்குவான். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு தீபாவளி அன்று நான் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லயத்து வாசலில் நின்றேன். உத்தியோகத்தர் குவாட்டர்ஸ் பிள்ளைகள் லயத்துக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். படம் எடுக்கும் சாக்கில் போயிருந்தேன். இந்தக் கமராவில் குவாட்டர்ஸிலிருந்தே எங்களைப் பெரிதாக எடுக்க முடியாதா என்று தங்கராசு கேட்டான். முடியாது, கிட்ட வந்தால்தான் முடியும் என்றேன்.

"அப்பன்னா ரொம்ப நல்ல கமராங்க, சின்னையா. ஒங்களையே லயத்துக்கு நடக்க வச்சிருச்சே" என்றான்.

பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் வரை சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனைக் கண்டாலே எனக்கு எரியும். 'சின்னையா' என்று அவன் மரியாதையாகக் கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சிரிப்புத்தான் காதில் விழும்.

பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த வருஷம் அவர்கள் குடும்பத்துக்கும் போகும் உத்தரவு வந்தது. அப்பன், ஆத்தா, தங்கராசு மூவரும் போக வேண்டும். அக்கா மாரியாயி மட்டும் இங்கே. அவள் புருஷனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருந்தது. போகிறவர்கள் இருப்பவர்களோடு சேர்ந்து லயத்து வாசலில் ஒரு படம் எடுத்து, அதை இருப்பவர்களிடம் விட்டுப்போவது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். பாஸ்போட்டில் ஒட்டிய படங்கள் போகிறவர்களோடு போய்விடும். தங்குகிறவர்களுக்கு இந்த ஒன்றுதான். மாரியாயி குவாட்டர்ஸுக்கு வந்து, பின்வாசலில் நின்று, அப்பாவிடம் கேட்டாள். அப்பாவுக்குப் பெரட்டில் ஆட்களுக்குப் பேர் போடும் வேலை இருந்தது. என்னைப் போகச் சொன்னார்.

மப்பும் தூறலுமான காலை. நால்வரும் சுவரோரம் ஒரே வரிசையில், சரியாகத்தான், நின்றிருந்தார்கள். நான் கலைத்தேன். பெஞ்சு ஒன்றைப் போடச் சொல்லி அப்பனையும் ஆத்தாவையும் மாரியாயியையும் உட்கார வைத்தேன். தங்கராசுவைப் பின்னால் நிற்கச் சொன்னேன். இன்னும் ஒரு அடி பின்னால் என்றேன். பிறகு இன்னும் கொஞ்சம் என்றேன். அவன் நகர்ந்தான். அன்று அவன் என்னைக் கிண்டல் செய்யவில்லை. நகர்ந்த பிறகும் கையை மட்டும் எட்டி நீட்டி அக்கா தோளில் வைத்துக்கொண்டான்.

கவிழ்த்து வைக்கக் கூடை கொண்டு வந்தார்கள். வேண்டாம் என்றேன். சிவப்புப் பொட்டிலிருந்து வளையத்தைத் திருப்பினேன். ஐந்தரை, நாலு, மூன்றுக்குக் கிட்ட, இரண்டு. நாலு சொடுக்கு. மாரியாயியின் கண்ணில் கூர்மையை நிறுத்தினேன். கண்ணாடிக்குள் தங்கராசுவின் முகம் ஆவி படிந்ததுபோல் கலைந்தது. அதை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் அமுக்கினேன். இன்னொன்று எடுக்கச் சொல்லி ஆத்தா கெஞ்சினாள். பிலிம் முடிந்துவிட்டது என்றேன். மூன்று படம் மிச்சமிருந்தது. அடுத்த வாரம் இறம்பொடை நீர்வீழ்ச்சியை எடுத்தேன்.

படம் கழுவி வருவதற்குள் அவர்கள் றொசல்லை ஸ்டேஷனில் கோச்சி ஏறிப் போய்விட்டார்கள். மாரியாயி படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். தம்பியின் கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் கறை, வாயிருக்கும் இடத்தில் ஒரு கோடு.

"தம்பி மொகம் எங்கங்க?" என்றாள்.

"அவன் ஆடிட்டான்" என்றேன்.

கோத்தகிரியிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது கடிதத்தில், தங்கராசு காய்ச்சலில் செத்துப்போனதாக அப்பன் யாரையோ கொண்டு எழுதியிருந்தார். அன்று மலையில் மாரியாயி அழுத சத்தம் எங்கள் குவாட்டர்ஸ் வரை கேட்டது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

நான் படித்தேன், வாத்தியாரானேன், ஓய்வும் பெற்றேன். இவ்வளவு வருஷத்தில் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. போன மாதம்தான் அந்த விலை குறைந்த லென்ஸை நானும் வாங்கிக்கொண்டு மாரியாயியைத் தேடிப் போனேன். அவளை ஒரு நல்ல படமாக எடுத்துக் கொடுத்து, அப்படியே விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கோழைத்தனமான ஒரு திட்டம். எண்பதை நெருங்கும் கிழவி, வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்: அவன் ஆடவில்லை, நான்தான் வேண்டுமென்று அப்படி எடுத்தேன், மன்னித்துவிடுங்கள்.

"தெரியுங்க" என்றாள். உள்ளே போய் அந்தப் படத்தை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அவன் ஆடியிருந்தா கையும்ல ஆடியிருக்கும். பாருங்க."

பார்த்தேன். முகம்தான் கரைந்திருந்தது. அக்காவின் தோளில் இருந்த கை அவள் கண்ணோடு ஒரே தூரத்தில் இருந்ததால், நகம் வரை தெளிவாக விழுந்திருந்தது. இவ்வளவு காலத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதே கேட்டிருக்கலாமே என்றேன், புத்தியில்லாமல்.

"பெரிய கிளாக்கர் மகன்கிட்டயா? ஒங்க அப்பா எம் பேரப் போட்டாத்தான் எனக்கு அன்னைக்குச் சம்பளம்" என்றாள். "மன்னிப்ப நீங்களே வச்சுக்கங்க. என்னைய எடுக்க வேணாம். இந்தக் கைய மட்டும் பெருசா எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

படத்தை விறகின் மேல் வைத்தாள். நான் குனிந்து கிட்டப் போனேன், இன்னும் கிட்டப் போனேன். ஒரு முழத்துக்குள் போனதும் லென்ஸ் மறுத்துவிட்டது. அதற்கு மேல் இந்த லென்ஸில் கூர்மை வராது. பின்வாங்கி, எட்டில் வைத்து எடுத்து, டவுன் ஸ்டூடியோவில் பெரிதாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். பெஞ்சு இல்லை, அப்பாவின் கமரா பூஞ்சணம் பிடித்து எப்போதோ போய்விட்டது. தங்கராசு எப்படி இருப்பான் என்று அறிந்தவர்கள் இனி நானும் அவளும் மட்டுந்தான். எனக்கு அந்த முகம் நன்றாக நினைவிருக்கிறது, அவளுக்கு மங்கிவிட்டதாம். அவள் வீட்டுச் சுவரில் இப்போது நாலு விரல் தொங்குகிறது.